செஸ்னா 172: கழற்றி மாட்டும் பின் இருக்கைக்கு எது சரி?

காபித்தோட்டம் | ஏற்காடு

வணக்கம். விமானம் செஸ்னா 172என், 40 கேலன் டேங்க், சேலம் கமலாபுரம் விமான நிலையத்தில் நிற்கிறது. பின்னால் கம்பெனி கொடுத்த ஒற்றை பெஞ்சு இருக்கை.

உபயோகம் இரண்டு விதம். ஒன்று, பைலட் மட்டும் பெங்களூரு ஜக்கூர் விமானத்தளம் போய்வருவது. கூடவே காபி மாதிரிப் பெட்டிகள், பல்பர் (காபிப் பழத்தின் தோல் உரிக்கும் இயந்திரம்) உதிரிபாகம், சில நடைக்கு 50 கிலோ சாக்கு இரண்டு. எல்லாம் எஸ்டேட்டின் சொந்தச் சரக்கு, வாடகைக்கு எதுவும் இல்லை. இரண்டாவது குடும்பப் பயணம்: முன்னால் பெரியவர் இருவர், பின்னால் பிள்ளைகள் இருவர், ஆளுக்கு 32 கிலோ.

மூன்று வழி தெரிகிறது:
அ) இருக்கும் பெஞ்சையே தேவைப்படும்போது கழற்றுவது.
ஆ) பெஞ்சைத் தூக்கிவிட்டு, பூட்டு ஊசியை இழுத்தால் கழன்றுவரும் இரண்டு தனி இருக்கை போடுவது.
இ) குழாய்ச் சட்டத்தில் துணி கட்டிய தொட்டில் மாதிரி லேசான இருக்கை. சேலத்தில் நல்ல வெல்டர் இருக்கிறார், செய்துவிடலாம் என்கிறார்கள்.

எதற்குப் போகலாம்? அப்படியே சீட்டுக்குப் புது உறையும் போட வேண்டும்.

---

ஸ்பேனர் | விமானப் பராமரிப்பு, ஓமலூர்

(இ) வேண்டாம். வெல்டரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த இருக்கைக்கு அங்கீகாரம் கிடையாது, அதுதான் விஷயம். 172 சான்று பெற்ற விமானம். அதில் ஏறுகிற இருக்கை ஒன்று கம்பெனியின் பார்ட் நம்பரோடு வர வேண்டும், இல்லையென்றால் அந்த மாடலுக்கே எடுத்த எஸ்டிசி (கூடுதல் வகைச் சான்று) வேண்டும், இல்லையென்றால் டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) ஏற்ற மாற்றமாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் எந்த ஏஎம்இயும் (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது. துணித் தொட்டில் இருக்கை மோசம் என்று சொல்லவில்லை. பைப்பர் சூப்பர் கப்பின் பின் சீட்டே அந்த வகைதான். அது அந்த விமானத்தோடு சேர்ந்து சான்று வாங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

(அ)வா (ஆ)வா என்பதற்கு முன்னால் பெல்ட்டைப் பாருங்கள். இருக்கை வாங்கப் போகிறவர்கள் மெத்தையைப் பார்க்கிறார்கள், எடையைப் பார்க்கிறார்கள், பெல்ட் எங்கே மாட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை.

உங்கள் பெஞ்சில் இடுப்பு பெல்ட் விமான உடம்பிலேயே மாட்டியிருக்கிறது, பெஞ்சில் இல்லை. அதனால் மோதலில் பெஞ்சின் போல்ட் தாங்க வேண்டியது பெஞ்சின் சொந்த எடையை மட்டும். சிஏஆர் 3 என்ற பழைய அமெரிக்க விமான வடிவமைப்பு விதியில் முன்னோக்கி 9 ஜி, அதாவது எடையைப் போல் ஒன்பது மடங்கு. பெஞ்சு 10.5 கிலோ என்று வைத்தால் 95 கிலோ விசைக்குள் முடிந்தது. ஆளின் எடை பெல்ட் வழியாக நேரே உடம்புச் சட்டத்துக்குப் போய்விடும்.

தனி இருக்கைகள் பலவற்றில் பெல்ட் இருக்கையின் சட்டத்திலேயே இருக்கும். அப்போது 77 கிலோ ஆளும் 6 கிலோ இருக்கையும் சேர்ந்து 83. ஒன்பதால் பெருக்கினால் ஏறக்குறைய 750 கிலோ. இவ்வளவும் நான்கு கால், நான்கு பூட்டு ஊசி, அதன் கீழே உள்ள தரைத் தகடு வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் 172இன் பின்தரை அதற்காகக் கட்டப்பட்டதல்ல. தரைக்கடியில் வலுவூட்டாமல் அந்த இருக்கையை மாட்டினால், இருக்கை முழுசாக இருக்கும், தரை கிழிந்து இருக்கையோடு வரும்.

---

மலைக்காற்று | சேலம்

ஸ்பேனர் அண்ணன் சொல்வது சரி. ஆனாலும் எடை ஒரு பெரிய விஷயம்தானே? பெஞ்சைக் கழற்றிவிட்டால் விமானம் லேசாகும், எடை முன்னால் தள்ளும், மூக்குப் பக்கம் கனத்தால் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) பயமும் குறையும். பெஞ்சை நிரந்தரமாக ஹேங்கரில் போட்டுவிட்டு இரண்டு பேர் விமானமாகவே ஓட்டலாம். பின்னால் இடமும் தாராளம்.

---

எடைத்தராசு | சேலம்

பெஞ்சு போனால் சிஜி (விமானத்தின் எடை மையம்) முன்னால் வரும் என்பது சரி. அதனால் பத்திரம் என்பது சரியில்லை. பெஞ்சு போன இடத்தில் என்ன ஏறுகிறது என்பதுதான் கணக்கு.

172என் மாடலுக்கு நார்மல் வகையில் அதிகபட்ச எடை 2300 பவுண்டு. சிஜி பின் எல்லை 47.3 அங்குலம். முன் எல்லை 1950 பவுண்டு வரை 35.0, அங்கிருந்து சாய்ந்து 2300இல் 38.5. ஆர்ம் (முன்பக்கக் குறிப்புக் கோட்டிலிருந்து அங்குலத்தில் தூரம்): முன் இருக்கை 37, எரிபொருள் 48, பின் இருக்கை 73, முதல் பேக்கேஜ் பகுதி 95.

மாதிரிக்கு ஒரு விமானம். பெஞ்சோடு காலி எடை 1450 பவுண்டு, ஆர்ம் 39.0, மொமென்ட் (எடையை ஆர்மால் பெருக்கியது) 56,550. பெஞ்சு 23 பவுண்டு, ஆர்ம் 79.5 என்று வைப்போம், மொமென்ட் 1,828.5. (இவை கணக்குக்கு எடுத்த எண்கள். உங்கள் விமானத்தின் எடைப் பட்டியலிலும் உபகரணப் பட்டியலிலும் உள்ளதைப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள்.) கழித்தால் 1427 பவுண்டு, மொமென்ட் 54,721.5, ஆர்ம் 38.35. முக்கால் அங்குலம்கூட நகரவில்லை. பெஞ்சைக் கழற்றியதால் சிஜியில் கிடைக்கிற லாபம் இவ்வளவுதான்.

இப்போது பைலட் ஒருவர், 140 பவுண்டு. எரிபொருள் 10 கேலன், 60 பவுண்டு. பேக்கேஜில் முழு 120 பவுண்டு. பெஞ்சு இருந்த இடத்தில் 250 பவுண்டு சரக்கு. மொத்தம் 1997 பவுண்டு. அதிகபட்சத்துக்கு 300 பவுண்டு கீழே, ஆகவே மனசு நிம்மதியாக இருக்கும்.

சரக்கின் நடு சரியாக 73இல் இருந்தால் மொமென்ட் 92,431.5, சிஜி 46.3. எல்லைக்குள்.

அதே சரக்கு 9 அங்குலம் பின்னால், 82இல் உட்கார்ந்தால் மொமென்ட் 94,681.5, சிஜி 47.4. எல்லைக்கு வெளியே.

ஒரு சாண் நகர்ந்தால் போதும். பெஞ்சு இருந்தவரை அதன் முதுகே சரக்கை அந்த இடத்துக்கு வரவிடாமல் தடுத்தது. கழற்றியபின் தடுக்க எதுவும் இல்லை. சாக்கை ஏற்றுகிறவர் கதவு வழியாகத் தள்ளும்போது அது இயல்பாகவே பின்னால்தான் போகும்.

இன்னொன்று. மேலே உள்ள கணக்கில் பைலட் ஒல்லி, எரிபொருள் குறைவு. ஜக்கூரில் இறங்கும் நேரத்தில் டேங்க் இப்படித்தான் இருக்கும். கிளம்பும்போது பார்த்தால் போதாது, இறங்கும்போதைய எரிபொருளுக்கும் ஒருமுறை கணக்குப் போடுங்கள்.

---

மலைக்காற்று | சேலம்

ஒப்புக்கொள்கிறேன். எடை குறைவாக இருந்தும் சிஜி வெளியே போகும் என்று யோசிக்கவில்லை. முன் எல்லை எப்படி? முன்னால் இரண்டு பேரும் 90 கிலோ ஆட்கள் என்றால்?

---

எடைத்தராசு | சேலம்

ஆளுக்கு 200 பவுண்டு, எரிபொருள் 60, பின்னால் ஒன்றுமில்லை: 1887 பவுண்டு, சிஜி 38.4. அந்த எடைக்கு முன் எல்லை 35.0. கிட்டக்கூட வராது. இறங்கும்போது மூக்கைத் தூக்கக் கை கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், டிரிம் வேறு இடத்தில் நிற்கும். அது பழகிவிடும்.

குடும்பக் கணக்கும் போட்டுவிட்டேன். பெஞ்சோடு 1450, முன்னால் 330, முழு டேங்க் 240, பிள்ளைகள் 140: 2160 பவுண்டு, சிஜி 41.9. இன்னும் 140 மிச்சம், அதில் பேக்கேஜில் 120 வரை வைக்கலாம். அருமையான நிலை. அதே நான்கு இடத்திலும் 75 கிலோ பெரியவர்கள், முழு டேங்க் என்றால் 2350. கைப்பை இல்லாமலேயே 50 பவுண்டு அதிகம். ஆகவே இந்த விமானத்தின் பின் இருக்கை நடைமுறையில் பிள்ளைகள் இருக்கை. அதற்குப் போய் ஆடம்பரத் தனி இருக்கை எதற்கு என்பது என் கேள்வி.

---

சில்லறைக்காசு | ஈரோடு

பைப்பர் பக்கமிருந்து ஒரு வார்த்தை. அவர்களுடைய சிறு விமானமான பிஏ-28இல் பின் இருக்கையைக் கழற்றுவதற்கென்றே பூட்டு வைத்திருக்கிறார்கள். பழைய மாடலில் காலைப் பிடித்திருக்கும் பூட்டை ஒரு நாணயத்தையோ ஸ்க்ரூடிரைவரையோ வைத்து 90 டிகிரி திருப்பினால் விடும். பின்னால் வந்தவற்றில் பின்காலுக்குப் பின்புறம் ஒரு பிளஞ்சர், அழுத்தினால் போதும். ஸ்பேனர் தேவையில்லை.

ஆனால் அதிலும் வழக்கமாக ஒரு தவறு நடக்கிறது. திரும்ப மாட்டும்போது மூன்று கால் பூட்டும், நாலாவது பூட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். மாட்டியதும் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். மொத்தமாக ஆட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. கம்பளத்தின் ஓரம் பூட்டுக்கடியில் மடிந்திருந்தாலும் இதே கதை.

இதைப் பார்த்துவிட்டு 172க்கும் இப்படிப் பூட்டு வைக்கலாமே என்று கேட்பீர்கள். செஸ்னாவிலேயே அந்த வசதி வேண்டுமென்றால் 206 பக்கம் போக வேண்டும், அது சரக்குக்காகவே யோசித்த விமானம். 172இல் கிடையாது.

---

காபித்தோட்டம் | ஏற்காடு

ரொம்பத் தெளிவாகிவிட்டது. (இ) கைவிட்டேன். (ஆ)வில் கொஞ்சம் ஆசை மிச்சம்: ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு சாக்கு என்று பாதிப்பாதியாக வைக்க முடியுமே? பெஞ்சில் அது முடியாது.

பெஞ்சையே வைத்துக்கொண்டால் கழற்றும் முறை, அடிக்கடி கழற்றினால் என்ன கெடும் என்பதையும் சொல்லுங்கள்.

---

ஸ்பேனர் | விமானப் பராமரிப்பு, ஓமலூர்

பாதிப்பாதி யோசனையை விடுங்கள். 50 கிலோ சாக்கு பிள்ளையின் தோளுக்குப் பக்கத்தில் இருப்பதே முதல் தப்பு. பெஞ்சு மேல் வைத்து ஆள் பெல்ட்டால் கட்டினாலும் உதவாது. குலுக்கலில் மெத்தை அமுங்கும், சாக்குக்குள் கொட்டை இடம் மாறும், பெல்ட் தளர்ந்துவிடும். இரண்டு கிலோ மாதிரிப் பெட்டிக்குப் பெல்ட் போதும், சாக்குக்குப் போதாது.

இனி கழற்றுவது. பெஞ்சின் கால்கள் தரையில் போல்ட்டில் நிற்கும். முதுகுப் பக்கத்துப் பிடிப்பு மாடல் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஆகவே உங்கள் வருஷத்து சர்வீஸ் மேனுவலின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். எல்லா வருஷத்துக்கும் பொதுவானதைச் சொல்கிறேன்.

முதலில் தரையைக் கூட்டிச் சுத்தம் செய்யுங்கள், பிறகு போல்ட்டில் கை வையுங்கள். பெஞ்சுக்கடியில் பிஸ்கட் தூள், நாணயம், பேனா மூடி எல்லாம் இருக்கும். அது தரைத் தகட்டின் இடுக்கு வழியாகக் கீழே போனால் அங்கே கன்ட்ரோல் கேபிளும் கப்பியும் ஓடுகின்றன. போல்ட் தலை தெரிகிற இடத்தைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி இடுக்கை மூடிவிட்டு ஆரம்பிப்பது நல்ல பழக்கம். வாஷர் ஒன்று உள்ளே விழுந்தால் அது கிடைக்கும்வரை விமானம் பறக்காது. "எங்கேயோ இருக்கும்" என்று விடக்கூடாது. எத்தனை போல்ட், எத்தனை வாஷர் வெளியே வந்தது என்று எண்ணி ஒரு பையில் போட்டு, பையைப் பெஞ்சிலேயே கட்டுங்கள்.

முன் வலது இருக்கையை முழுக்க முன்னால் தள்ளி, பெஞ்சைச் சாய்த்து வலது கதவு வழியாக வெளியே எடுக்க இருவர் வேண்டும். ஒருவரே இழுத்தால் கதவு நிலையின் ரப்பர் சீல் கிழியும். 172இல் காற்றுச் சத்தம் திடீரென்று கூடினால் நான் முதலில் பார்ப்பது அந்த ரப்பரைத்தான்.

பெல்ட்டுகளை அப்படியே தொங்கவிடாதீர்கள். ஒன்று, சரக்குக்கடியில் மாட்டிக் கிழியும். இரண்டு, பக்கிள் கதவுக்கு வெளியே தொங்கியபடி கதவு மூடினால், பறக்கும்போது உடம்புத் தகட்டில் அது அடிக்கிற சத்தம் என்ஜினே கழன்று வருகிற மாதிரி கேட்கும். சுருட்டி மேலே கட்டுங்கள், அல்லது கழற்றி வையுங்கள். கழற்றினால் அதன் எடையையும் கணக்கில் எடுங்கள்.

திரும்ப மாட்டும்போது: 10-32 அளவுச் சின்ன போல்ட்டுக்கு மேனுவல் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் பொது அளவு 20 முதல் 25 இன்ச் பவுண்டு. கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை உள்ள போல்ட்டுக்கு 50 முதல் 70. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பழக்கத்தில் முடுக்கினால் 10-32 நீளும், ஒருநாள் தலை மட்டும் கையில் வரும்.

அடிக்கடி கழற்றினால் கெடுவது போல்ட் இல்லை, கீழே இருக்கிற பூட்டு நட். அது தானாகப் பூட்டும் வகை, உள்ளே போல்ட் போகும்போது ஒரு இழுவை இருக்க வேண்டும். விரலாலேயே அடிவரை திருக முடிந்தால் அந்த நட் செத்துவிட்டது, மாற்றுங்கள். மாதம் மூன்று முறை கழற்றி மாட்டினால் இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், மாதத்தின் முதல் பாதியில் சரக்கு, இரண்டாம் பாதியில் குடும்பம் என்று ஒதுக்கிக்கொண்டால் மூன்று கழற்றல் ஒன்றாகும். பொருளை வாங்கித் தீர்க்காமல் நாட்காட்டியை மாற்றித் தீர்க்கிற வழி.

காகித வேலை: எடைப் பட்டியல் இரண்டு செய்து வாங்குங்கள், ஒன்று பெஞ்சோடு, ஒன்று பெஞ்சில்லாமல். இரண்டும் விமானத்துக்குள் இருக்கட்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் லாக் புத்தகத்தில் வரி. அமெரிக்காவில் அங்கீகரித்த இருக்கையை மாற்றுவது பைலட்டே செய்யக்கூடிய வேலைப் பட்டியலில் வருகிறது என்று இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் வருகிறார்கள். அது அவர்கள் ஊர்ப் பதிவு விமானத்துக்கு. விடி என்று தொடங்கும் நம் இந்தியப் பதிவுக்கு உங்கள் பராமரிப்புத் திட்டம் யாரைச் சொல்கிறதோ அவர்தான் கையெழுத்து.

---

கயிறுதிரிப்பான் | சேலம் செவ்வாய்பேட்டை

சரக்கைக் கட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

50 கிலோ சாக்கு 9 ஜியில் 450 கிலோ. இரண்டு சாக்கு 900. லாரிக்குக் கட்டும் நைலான் கயிறு அறாது, ஆனால் நீளும். நீண்ட நேரத்தில் சாக்கு பைலட்டின் முதுகுக்கு வந்துவிடும். முன் இருக்கையின் முதுகுச் சாய்வு சரக்கைத் தடுக்கும் சுவர் அல்ல, அது மடங்குகிற பொருள். பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள், நீட்சி குறைவு. பட்டையில் தைத்திருக்கும் லேபிளில் வேலை சுமை எவ்வளவு என்று இருக்கும். லேபிள் இல்லாத பட்டையை ஸ்கூட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கு பெட்டி மாதிரி இல்லை, உருவம் மாறும். இரண்டு பட்டை மட்டும் போட்டால் நடுவில் பிதுங்கி வெளியே வரும். வலை போட்டு, வலையின் ஓரத்தைப் பட்டையால் தரை வளையத்தில் இழுக்க வேண்டும். பட்டை தரையிலிருந்து நேர் மேலே போனால் முன்னோக்கி வரும் விசையைப் பிடிக்காது. வளையம் சரக்குக்குப் பின்னால் இருந்து, பட்டை சரிவாக முன்னேறி, சரக்கின் முன்முகத்தைச் சுற்றிவர வேண்டும். சரிவு தரையோடு 45 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும்.

எந்த வளையத்தில் மாட்டுவது என்பது முக்கியம். விமானத்தோடு வந்த பேக்கேஜ் வலைக்கான வளையங்கள் அந்த 120 பவுண்டுக்காக வைத்தவை. பெஞ்சு இடத்துச் சரக்குக்கு ஸ்பேனர் அண்ணன் எந்தப் புள்ளி என்று காட்டுகிறாரோ அதில்தான். பெஞ்சு போல்ட் துளையில் கண் போல்ட் திருகிக் கட்டலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அந்தத் துளை 10 கிலோ பெஞ்சைப் பிடிப்பதற்கு என்று மேலே படித்தீர்கள்.

தரை: செஸ்னா 206 கையேடு சதுர அடிக்கு 200 பவுண்டு என்று எல்லை வைத்து, கூரான அடி உள்ள பொருளுக்குக் கால் அங்குல ப்ளைவுட் விரிக்கச் சொல்கிறது. 172க்கும் அதே புத்தி நல்லது. சாக்கு பரந்து உட்காரும், அதனால் பிரச்சனை இல்லை. பல்பரின் வார்ப்பிரும்பு உதிரி நான்கு சின்னக் காலில் நின்றால் தகட்டில் குழி விழும். 90க்கு 75 சென்டிமீட்டர் அளவில் 6 மில்லிமீட்டர் ப்ளைவுட் ஏறக்குறைய இரண்டரை கிலோ வரும், அதுவும் எடைக் கணக்கில். ப்ளைவுட்டையும் கட்டுங்கள், சும்மா விரித்தால் சரக்கோடு சேர்ந்து சறுக்கும்.

---

எடைத்தராசு | சேலம்

கயிறுதிரிப்பான் ஐயாவின் ப்ளைவுட்டில் ஒரு சேர்க்கை. பேக்கேஜ் பகுதி 82ஆம் அங்குலத்தில் தொடங்குகிறது. அந்தக் கோட்டிலிருந்து முன்னால் 9 அங்குலம் அளந்தால் 73. ப்ளைவுட்டில் அந்த இடத்தில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். சரக்கின் நடு அந்தக் கோட்டில் வர வேண்டும். பின்விளிம்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்தால் ஏற்றுகிறவர் தள்ளினாலும் சாக்கு பின்னால் போகாது.

---

ஊசிநூல் | சேலம் ஐந்து ரோடு

உறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேலத்தில் கார் சீட் தைக்கிற கடைகள் கை நேர்த்தியில் யாருக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் கடையில் தொங்குகிற ரெக்சினைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். துணிக்குத் தீச்சோதனைச் சான்று வேண்டும். இப்போதைய சோதனையில் துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு 12 வினாடி தீ காட்டுவார்கள். தீயை எடுத்தபின் 15 வினாடிக்குள் அணைய வேண்டும், எரிந்த நீளம் சராசரி 8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, சொட்டுகிற துளி 5 வினாடிக்கு மேல் எரியக்கூடாது. 172என் பழைய சிஏஆர் 3 விமானம் என்பதால் அதற்கு விதி இதைவிட இளக்கம். ஆனாலும் புதுசாக வாங்கும்போது கடினமான சோதனையில் தேறிய துணியையே வாங்கினால் பின்னால் வாக்குவாதம் இல்லை. உறை, மெத்தை, இடையில் போடும் தீத்தடுப்புத் துணி எல்லாவற்றுக்கும் சான்று வாங்கி, தைக்க மட்டும் கடைக்குக் கொடுங்கள். தனித்தனியாகத் தேறிய பொருள்களைப் பசை போட்டு ஒட்டினால் சேர்ந்து எப்படி எரியும் என்பது வேறு விஷயம், அதையும் ஏஎம்இயிடம் கேட்டுவிடுங்கள்.

மெத்தையை "கொஞ்சம் புஸ்ஸென்று" வைக்கச் சொல்லாதீர்கள். மெத்தை தடித்தால் பிள்ளை பெல்ட்டை இறுக்கிக் கட்டியும் மோதலில் மெத்தை அமுங்கி, பெல்ட் தளர்ந்து, உடம்பு பெல்ட்டுக்கடியில் வழுக்கும். பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறும். பழைய மெத்தையின் தடிமனும் கெட்டித்தனமும் அப்படியே இருக்கட்டும்.

நிறம்: வெளியே நிற்கிற விமானம், சித்திரை வெயில். கறுப்பு வினைல் வேண்டவே வேண்டாம், பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு உட்கார முடியாது. சாம்பல் துணி எடுங்கள். நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல் ஜன்னலோரத் தையலில் முதலில் போகும்.

---

மலைக்காற்று | சேலம்

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. கமலாபுரம் ஏறக்குறைய 1000 அடி. அங்கே ஐஎஸ்ஏ (அந்த உயரத்துக்கான தரநிலை வெப்பம்) 13 டிகிரி. வெளியே 38 என்றால் 25 டிகிரி கூடுதல், டிகிரிக்கு 120 அடி வைத்தால் டென்சிட்டி ஆல்டிடியூட் (காற்றின் அடர்த்தியை வைத்து விமானம் உணர்கிற உயரம்) 4000 அடி. ஜக்கூர் ஏறக்குறைய 3000 அடி, 30 டிகிரி வெயிலில் 5500. ஓடுதளம் 1800 மீட்டர் இருப்பதால் கமலாபுரத்தில் தரையை விட்டுக் கிளம்புவது பிரச்சனை இல்லை. கிழக்கே சேர்வராயன் 5300 அடிக்கு நிற்கிறது, சாக்கோடு மதியத்தில் ஏறுவது மந்தமாக இருக்கும், மலையோரக் காற்று வேறு கீழே அழுத்தும். பெஞ்சைக் கழற்றிய 23 பவுண்டு மூன்றே முக்கால் கேலன் பெட்ரோல் எடை. அந்த லாபத்தைச் சரக்கில் போட்டுத் தின்றுவிடாமல் காலையில் கிளம்புங்கள்.

---

ஸ்பேனர் | விமானப் பராமரிப்பு, ஓமலூர்

ஒன்று விட்டுப்போனது. சரக்கு ஏற்ற முன் இருக்கைகளை முன்னும் பின்னும் அடிக்கடி தள்ளப் போகிறீர்கள். செஸ்னாவின் முன் இருக்கைத் தண்டவாளத்துக்கு ஏடி (கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) 2011-10-09 இருக்கிறது, 100 மணி அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை துளைத் தேய்மானம், பூட்டு ஊசி, உருளை எல்லாம் பார்க்க வேண்டும். பூட்டாத இருக்கை டேக் ஆஃபில் பின்னால் வழுக்கும், பைலட் பிடிமானத்துக்கு யோக்கை (விமானம் ஓட்டும் கைப்பிடி) இழுப்பார், மூக்கு வானத்தைப் பார்க்கும். சரக்கு ஏற்றி முடித்ததும் இருக்கையில் உட்கார்ந்து, காலை ஊன்றிப் பின்னால் உந்திப் பாருங்கள். "டக்" சத்தம் கேட்டது என்று நம்ப வேண்டாம். சாக்கிலிருந்து சிந்திய காபிக்கொட்டை ஒன்று தண்டவாளத் துளையில் உட்கார்ந்தாலே பூட்டு ஊசி முழுசாக இறங்காது. சாக்கை ஒரு தார்ப்பாயில் சுற்றியே ஏற்றுங்கள்.

---

காபித்தோட்டம் | ஏற்காடு

முடிவு: கம்பெனி பெஞ்சே இருக்கும். இரண்டு எடைப் பட்டியல், கோடு போட்ட ப்ளைவுட், லேபிள் உள்ள பாலியெஸ்டர் பட்டை, வலை. தரைக் கட்டுப் புள்ளிகளை ஸ்பேனர் அண்ணன் பார்த்துச் சொன்னபின் சரக்கு. உறைக்குச் சாம்பல் துணி. கடைசிக் கேள்வி: பெஞ்சு வெளியே இருக்கும் பதினைந்து நாளும் அதை எங்கே வைப்பது? ஹேங்கர் மூலையில் பாலித்தீன் சுற்றி வைத்தால் போதுமா?

---

ஊசிநூல் | சேலம் ஐந்து ரோடு

பாலித்தீன் வேண்டாம். ஐப்பசி மழையில் உள்ளே வியர்த்து, குழாய்ச் சட்டம் துருப்பிடிக்கும், மெத்தை நாறும். பழைய பருத்தி வேட்டியால் மூடி, தரையில் வைக்காமல் சுவரில் கம்பி அடித்து இடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள். மூலையில் வைத்தால் எலி மெத்தைக்குள் குடும்பம் நடத்தும். பெஞ்சைத் திரும்ப மாட்டும்முன் கவிழ்த்து அடிப்பக்கத் தையலை விரலால் தடவிப் பாருங்கள். எலி எப்போதும் அடியிலிருந்துதான் நுழையும்.

---

ஸ்பேனர் | விமானப் பராமரிப்பு, ஓமலூர்

போல்ட் பையையும் அதே கம்பியில் தொங்கவிடுங்கள் தம்பி, மேசை இழுப்பறையில் வேண்டாம்.